சக்கரங்களுக்கு ஒரு குரு

தில்லியின் மரத்தளம், பட்டியாலாவின் அரண்மனை, சிம்லாவின் தேவதாருக் காடு. சைக்கிள் பந்தயத்தில் இறங்கும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வியோடு ஒரு பயணம்.

தில்லியில் யமுனைக் கரையை ஒட்டி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகம் இருக்கிறது. அதற்குள், 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கூரையின் கீழ் அமைந்த மரத்தளம். ஒரு சுற்று 250 மீட்டர். நேர்ப்பகுதியில் சாதுவாகக் கிடக்கும் தளம் வளைவுகளில் 40 டிகிரிக்கும் மேல் சாய்ந்து எழுகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். இதில் ஓடும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நடுவில் காலை நிறுத்தி இளைப்பாற வழியில்லை.

இங்கே முதன்முறை ஏறும் பிள்ளைக்கு வேகத்தைவிடத் தயக்கம்தான் ஆபத்து. பயந்துபோய் வளைவில் வேகத்தைக் குறைத்தால் டயர் வழுக்கி, மரத்தளத்தின் மேல் தோலை உரசிக்கொண்டு கீழே வந்து சேரவேண்டியதுதான். 'மெதுவாகப் போ கண்ணு' என்று சைக்கிள் கற்றுக் கொடுத்த அப்பாவின் பாடம் இங்கே தலைகீழ். உள்விளிம்பில் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நிற்கும் பயிற்சியாளர், அந்தப் பிள்ளை எந்தச் சுற்றில் எவ்வளவு மேலே ஏறலாம், யாருடைய பின்சக்கரத்தை எவ்வளவு நெருங்கலாம் என்று சொல்கிறார். அவர் சொல்லை நம்பித்தான் அது சுவரில் ஏறுகிறது. பயிற்சியாளர் என்ற சொல்லின் முழுக் கனமும் இந்த வளைவில் தெரிகிறது.

இந்தத் தளத்தில் பெயர் எடுத்தவர்களின் ஊர்களைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். எசோ ஆல்பன் நிகோபார் தீவுக்காரர். படகுத் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தவர் சைக்கிளுக்கு வந்தார். 2018இல் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். கெய்ரின் என்பது 1948இல் ஜப்பானில் பிறந்த பந்தயம். முன்னால் ஒரு மோட்டார் வண்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கடைசி மூன்று சுற்றுகளில் அது விலகிக்கொள்ள, பின்னால் வந்தவர்கள் பாய்வார்கள். மறு ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் இந்திய அணி டீம் ஸ்பிரின்டில் தங்கமே வென்றது. அதில் ஆல்பனுடன் இருந்தவர்கள் மணிப்பூர்ப் பையன்கள். டெபோரா ஹெரால்டும் நிகோபாரில் வளர்ந்தவர்தான். 2004 டிசம்பர் சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் பிழைத்திருந்தபோது அவருக்கு வயது ஒன்பது.

தீவிலிருந்தும் மலையிலிருந்தும் தலைநகருக்கு வந்த இந்தப் பிள்ளைகள் யாரும் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்தவர்கள் அல்ல. பயிற்சியாளர் கண்ணில் பட்டவர்கள். இந்தியாவில் சைக்கிள் பந்தயம் நெடுங்காலம் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது: ஆசிரியர் மாணவனைத் தேர்ந்தெடுப்பார், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். நகரங்களில் இப்போது நிலைமை மாறிவிட்டது. லட்சக்கணக்கில் விலை போகும் சைக்கிள்கள் வந்திருக்கின்றன. ஞாயிறு அதிகாலையில் கூட்டமாகக் கிளம்பும் குழுக்கள் இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருபவர்களும் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. அதை எப்படிச் செய்வது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு 2022 ஜூன் மாதம் ஒன்றே போதும். அந்த மாதம் இதே தளத்தில் நடந்த ஆசியப் போட்டியில் மணிப்பூரின் ரொனால்டோ சிங் ஸ்பிரின்ட் பந்தயத்தில் வெள்ளி வென்றார். பெரியவர்களுக்கான ஆசியப் போட்டியில், அந்தப் பந்தயத்தில், இந்தியர் ஒருவர் வென்ற முதல் வெள்ளி அது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், அதே போட்டிக்காக ஸ்லோவேனியாவில் பயிற்சி முகாமில் இருந்த வீராங்கனை ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் செய்திருந்தார். விசாரித்த குழு புகாருக்கு முகாந்திரம் இருப்பதாகக் கண்டது. இந்திய விளையாட்டு ஆணையம் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அணியையும் திருப்பி அழைத்துக்கொண்டது. ஒரே மாதத்தில், ஒரே விளையாட்டில், ஒரு பயிற்சியாளர் என்ன தரமுடியும் என்பதும் எதைப் பறிக்கமுடியும் என்பதும் தெரிந்துபோயின.

மயூர் விஹாரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் பதினைந்து வயது மகள் நன்றாக சைக்கிள் ஓட்டுகிறாள். பந்தயத்தில் இறங்க வேண்டும் என்கிறாள். நண்பர் முன் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் முன்னாள் வீரர்; அடித்தொண்டையில் கத்தியே வேலை வாங்குபவர். இன்னொருவர் வேறு நகரத்தில் இருந்துகொண்டு வாராவாரம் செல்போனில் பயிற்சிப் பட்டியல் அனுப்புபவர். மூன்றாமவர் விடுதியோடு கூடிய அகாடமி நடத்துபவர். "ஊர்ல மாடு வாங்கறதுன்னாகூட பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். இதுக்கு எதைப் பார்க்கிறது சார்?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. பதில் தில்லியில் மட்டும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

தில்லியிலிருந்து வடமேற்கே சுமார் 250 கி.மீ. போனால் பட்டியாலா. இருபுறமும் கோதுமை வயல்கள். கண்ணுக்கெட்டியவரை மேடு என்று ஒன்று கிடையாது. இந்த ஊரில், மகாராஜாவின் பழைய மோதி பாக் அரண்மனையில்தான் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் இயங்குகிறது. நாட்டின் பயிற்சியாளர்களை உருவாக்கும் தாய்க் கழகம். ராஜாக்கள் உலாவிய தாழ்வாரங்களில் ட்ராக் சூட் அணிந்தவர்கள் நோட்டுப் புத்தகங்களோடு நடக்கிறார்கள். இங்கே சைக்கிளுக்கும் டிப்ளமோ உண்டு. உடற்கூறு, உடலியக்கம், உளவியல், பயிற்சித் திட்டம் என்று முறையான பாடங்கள் இருக்கின்றன. ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பும் உண்டு.

பெற்றோர் கேட்கத் தயங்கும் முதல் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. 'என்.ஐ.எஸ். கோச்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்பவர் படித்தது டிப்ளமோவா, ஆறு வாரமா? எந்த ஆண்டு? எந்த விளையாட்டில்? தடகளத்தில் டிப்ளமோ பெற்றவர் சைக்கிள் கற்றுத்தர முன்வருவது நம் நாட்டில் நடக்காத காரியமல்ல. டாக்டரின் போர்டில் உள்ள எழுத்துக்களைப் படித்துவிட்டு உள்ளே நுழையும் நாம், பிள்ளையின் இதயத்தையும் முழங்காலையும் ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் கூச்சப்படுகிறோம்.

சான்றிதழ் இருந்தால் போதுமா என்றால், போதாது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார். நல்லாசிரியருக்கு அவர் காட்டும் உவமைகள் நிலம், மலை, துலாக்கோல், பூ. ஆசிரியராகத் தகாதவருக்குக் காட்டும் உவமைகள் இன்னும் சுவையானவை. கழற்காய் பெய்த குடம்: போட்ட வரிசையில் வராமல் தாறுமாறாகக் கொட்டும். மடற்பனை: கருக்கு நிறைந்தது, ஏறிப் பறிக்க விடாது, தானாக விழுந்தால்தான் உண்டு. பருத்தி அடைத்த குடுக்கை: உள்ளே போவதும் சிறிது, வெளியே வருவதும் சிறிது. முடத்தெங்கு: ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து அடுத்த வீட்டில் காய் உதிர்ப்பது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்த இந்த நான்கையும் சைக்கிள் உலகில் நேருக்கு நேர் பார்க்கலாம்.

முதலில் குடம். சைக்கிள் பயிற்சி என்பது வரிசையில்தான் இருக்கிறது. ஆண்டை மூன்று நான்கு பருவங்களாகப் பிரிப்பார்கள். முதலில் நீண்ட தூரம் நிதானமாக ஓட்டி அடித்தளம் போடவேண்டும். பிறகு ஏற்றங்களும் குறுகிய வேகப் பாய்ச்சல்களும். பந்தயத்துக்கு முன்னால் வேலையைக் குறைத்து உடம்பை ஆறவிடவேண்டும். கடினமான நாளுக்கு மறுநாள் இலகுவான நாள். தசை வலுவாவது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பின் வரும் ஓய்வில்தான். இந்த வரிசை தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன திட்டம்?' என்று கேட்டால் ஒரு தாளை எடுத்துக் காட்டுபவர் ஒரு வகை. 'அதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது' என்பவர் குடம்.

செல்போன் வழிப் பயிற்சியையும் இங்கேயே எடை போட்டுவிடலாம். பெடலில் பதியும் திறனை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் வந்த பிறகு, ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பதை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் படிக்கமுடிகிறது. இருபது நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, அதன் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்தால், ஒரு மணிநேரம் தாங்கக்கூடிய திறனின் தோராயக் கணக்கு கிடைக்கும். அதை வைத்துப் பயிற்சியின் கடுமையை வகுப்பார்கள். அலுவலகம் போய்வந்துகொண்டே சாலைப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் முப்பது வயதுக்காரருக்கு இது நல்ல வழி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது போதாது. கண் கலங்கியிருப்பதையும், முழங்கால் உள்பக்கமாக மடிவதையும், சீட் ஒரு விரல்கடை உயர்ந்திருப்பதையும் எந்தக் கருவியும் அனுப்பாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

நல்லாசிரியருக்கு நிலத்தை உவமையாக்கும்போது நன்னூல் ஒரு காரணம் சொல்கிறது: பருவத்துக்கும் உழைப்புக்கும் ஏற்பப் பலன் தரும். சைக்கிளில் இந்தப் பருவம் மிகவும் முக்கியம். பதினேழு, பதினெட்டு வயது ஜூனியர்கள் பெரிய கியர் போட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக, பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் 7.93 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2022 வரை வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. இனி அந்த வேலியைப் பயிற்சியாளர்தான் போடவேண்டும். அவருக்கு அவசரம் இருந்தால்? பல இடங்களில் இருக்கிறது. மாணவன் வாங்கும் மெடல்தான் பயிற்சியாளரின் அடுத்த ஆண்டை நிர்ணயிக்கிறது. மாணவனுக்கும் அந்த மெடல்தான் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலைக்கு வழி. இரு தரப்பு அவசரமும் ஒன்று சேரும்போது வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழும், என்னவென்று சொல்லாமல் போடப்படும் ஊசியும் வருகின்றன. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் தடை விழுவது பிள்ளையின் பெயரில்தான். 'எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்' என்ற சமாதானம் அங்கே செல்லாது.

பட்டியாலாவின் சமவெளியில் சாலைப் பந்தயக்காரனையும் தளப் பந்தயக்காரனையும் உருவாக்கலாம். பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் வெலோட்ரோமும் இருக்கிறது. மலைப்பாதையில் ஓடும் மவுண்டன் பைக்குக்கு மட்டும் மலைக்குத்தான் போகவேண்டும். வடகிழக்காக காலகா வரை போனால் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து சிம்லாவுக்கு 1903இல் போட்ட குறுகிய ரயில்பாதை, 96 கி.மீ. நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம்.

வழியில் பரோக் என்று ஒரு ஸ்டேஷன். பாதையிலேயே நீளமான சுரங்கம், ஒரு கி.மீ.க்கும் மேல், அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி இந்த மலைக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். பரோக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மலையை இரு பக்கமிருந்தும் குடைந்தார். இரண்டு குடைவுகளும் சந்திக்கவில்லை. அரசாங்கம் அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது. அவமானம் தாங்காமல் சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு பல்க்கு என்ற உள்ளூர்ச் சாமியார் கைத்தடியால் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்து வழி காட்ட, புதிய சுரங்கம் அமைந்தது. கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சிம்லாவில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்கு பாபா பல்க்குவின் பெயர்தான்.

மலையில் பயிற்சியாளர் தேடுபவர் இந்தக் கதையைக் கையோடு கொண்டுபோகலாம். படிப்பாளிக்கு மலை தெரியாது என்பது அதன் ஒரு பாதி. கைத்தடி மட்டும் ரயில்பாதை போட்டுவிடவில்லை என்பது மறுபாதி. பாறையைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும், கணக்குத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் வாய்த்தால் அதிர்ஷ்டம்.

சிம்லா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர். காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மால் ரோடில் பொது வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே குதிரைகளும், ஐஸ்கிரீமோடு நடக்கும் தேனிலவுத் தம்பதிகளும்தான். சைக்கிள்காரர்கள் ஊருக்கு வெளியே சம்மர் ஹில் பக்கத்துக் காட்டுப் பாதைகளிலும், மஷோப்ரா, குஃப்ரி போகும் வழிகளிலும் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய 'எம்.டி.பி. ஹிமாலயா' என்ற பல நாள் பந்தயம்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மவுண்டன் பைக்கை அறிமுகப்படுத்தியது. அது தாண்டிப் போன இடங்களில் ஜலோரி கணவாயும் ஒன்று. உயரம் 10,000 அடிக்கு மேல். சேறு, ஓடை, சரளைக்கல், திடீர் மழை எல்லாம் வழியில் உண்டு. அந்தப் பந்தயத்தை வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த பையன்கள் பின்னாளில் தாமே ஓட்டினார்கள். ஓட்டியவர்களில் சிலர் இப்போது அடுத்த தலைமுறைக்குச் சொல்லித் தருகிறார்கள்.

மவுண்டன் பைக் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல பந்தயங்கள் இருக்கின்றன. 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் இருப்பது 'கிராஸ் கன்ட்ரி': நான்கிலிருந்து ஆறு கி.மீ. சுற்றை மீண்டும் மீண்டும் ஓட்டுவது, ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். 'டவுன்ஹில்' மலை உச்சியிலிருந்து சில நிமிடங்களில் பாய்ந்து இறங்குவது. 'மாரத்தான்' பல மணி நேரம் ஓடுவது. மூன்றுக்கும் மூன்று விதமான உடம்பும் மூன்று விதமான மனசும் வேண்டும். ஆகவே பயிற்சியாளரிடம் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி: 'எந்தப் பந்தயத்துக்கு? என் பிள்ளையிடம் என்ன பார்த்து அதைச் சொல்கிறீர்கள்?' பிள்ளையை ஓட்டிக்காட்டச் சொல்லாமலே பதில் சொல்பவரிடம் மூன்றாவது கேள்வி தேவையில்லை.

மலையில் மூச்சை மலையே தந்துவிடும். பயிற்சியாளர் தரவேண்டியது கண்ணும் கையும். எதிரே கிடக்கும் கல்லைப் பார்த்தால் சைக்கிள் அந்தக் கல்லின் மேல்தான் போகும். அதைத் தாண்டி, போகவேண்டிய இடத்தைப் பார்க்கக் கற்கவேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிடவேண்டும். ஈர வேர்களின் மேல் திரும்பக்கூடாது. டயரில் காற்று கூடினால் சக்கரம் துள்ளும், குறைந்தால் விளிம்பு பாறையில் இடிக்கும். பந்தயத்துக்கு முந்தைய நாள் பாதை முழுவதையும் நடந்து பார்க்கவேண்டும். மாணவர்களோடு கூடவே நடந்து, ஒவ்வொரு பாறையிலும் நின்று, 'இங்கே எந்தப் பக்கம்?' என்று அவர்களைச் சொல்லவைப்பவர் நல்ல பயிற்சியாளர். அவரிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். தலைக்கவசம் இல்லாமல் வந்த பிள்ளையை, அது எத்தனை மெடல் வாங்கியதாக இருந்தாலும், திருப்பி அனுப்புவார்.

பழைய சாம்பியன் எல்லாரும் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை. தனக்கு இயல்பாக வந்ததை இன்னொருவருக்குப் படிப்படியாகப் பிரித்துக் காட்டத் தெரியவேண்டும். அது தெரியாதவர் மடற்பனை. அண்ணாந்து பார்க்கலாம், ஏறமுடியாது. அவர் வென்ற கோப்பைகளைவிட, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவரிடம் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எத்தனை பேர் இன்னும் ஓட்டுகிறார்கள்? எத்தனை பேர் காயத்தோடு ஒதுங்கினார்கள்? விலகிப்போனவர்களில் இரண்டு பேரின் பெற்றோரிடம் பேசிப் பார்த்தால் பாதி உண்மை வந்துவிடும். எல்லார் வீட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு இரண்டு செல்லப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தருபவர் முடத்தெங்கு. அதைக் கண்டுபிடிக்க ஒருநாள் மைதானத்தில் போய் உட்கார்ந்தால் போதும். கடைசியாக வரும் பிள்ளையிடம் அவர் என்ன பேசுகிறார் என்று பார்க்கவேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் சில கேள்விகள் உண்டு. இவற்றை வெட்கப்படாமல் கேட்கவேண்டும். வெளியூர் முகாமில் உடன் வரும் பெண் யார்? அறைகள் எப்படிப் பிரிக்கப்படும்? பெற்றோர் முன்னறிவிப்பின்றி வரலாமா? 2022 சம்பவத்துக்குப் பிறகு, வீராங்கனைகள் பயணம் செய்யும்போது பெண் பயிற்சியாளர் ஒருவர் கூடச் செல்லவேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் விதி செய்தது. தேசிய அணிக்குப் பொருந்தும் நியாயம் தெருமுனை அகாடமிக்கும் பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காவல் இருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிப்பவர், 'என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கோபப்படுபவர், பதிலை அப்போதே சொல்லிவிட்டார்.

உடம்பு பற்றியும் ஒன்று. மலை ஏறுவதற்கு எடை குறைவாக இருப்பது நல்லது என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துப் பெண் பிள்ளைகளைப் பட்டினி போடுவதும் நடக்கிறது. உழைப்புக்குத் தக்க சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், ரத்தசோகை வரும். 'நின்றுபோனால் நல்லதுதான், பயிற்சிக்குத் தொந்தரவில்லை' என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து அன்றைக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடவேண்டும். சாப்பாடு, தூக்கம், பள்ளிப் பரீட்சை மூன்றையும் விசாரிப்பவர் கிடைத்தால் விடக்கூடாது.

இதெல்லாம் இமயமலைக்காரர்களின் விவகாரம் என்று தெற்கில் இருப்பவர்கள் நினைக்கவேண்டியதில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் போட்டி இந்தியாவில் முதன்முறையாக நடந்தபோது, நடந்த இடம் திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள பொன்முடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமும் சேறும் இமயத்தின் சரளைக்கு எந்த வகையிலும் குறைந்த ஆசான் அல்ல. திருவனந்தபுரம் காரியவட்டத்திலும் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரிலும் வெலோட்ரோம்கள் இருக்கின்றன. நீலகிரியும் கொடைக்கானலும் எங்கும் போய்விடவில்லை. நிலம் இருக்கிறது. அந்தந்த நிலத்தைப் படித்த பயிற்சியாளர்கள்தான் போதவில்லை. ஒலிம்பிக் சைக்கிள் போட்டியில் இந்தியர் கடைசியாகக் கலந்துகொண்டது 1964இல், டோக்கியோவில். 2024 பாரிஸ் வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. உலகில் மிக அதிகமாக சைக்கிள் செய்யும் நாடுகளில் ஒன்றின் கதை இது.

மயூர் விஹார் நண்பர் கேட்ட 'எதைப் பார்ப்பது' என்பதற்குப் பதில், இத்தனைக்கும் பிறகு, சிறியதாகத்தான் இருக்கிறது. படிப்பைப் பார்க்கலாம், பழைய மாணவர்களைப் பார்க்கலாம், திட்டத்தாளைப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அவர் எப்போது 'வேண்டாம்' என்கிறார் என்று பார்க்கவேண்டும். ஓட்டு, இன்னும் ஓட்டு என்று சொல்வதற்கு ஆள் கிடைப்பது சுலபம். நிலத்தையும் பிள்ளையின் பருவத்தையும் அறிந்தவருக்குத்தான் நிறுத்தத் தெரியும்.

சம்மர் ஹில்லுக்குக் கீழே காட்டுப் பாதையில் ஒரு மாலை. தேவதாரு ஊசியிலைகள் ஈரமாகக் கிடக்கின்றன. இடுப்பளவு உயரப் பாறை ஒன்றிலிருந்து சைக்கிளோடு இறங்கவேண்டும். ஐந்தாறு பையன்கள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அடுத்து பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண். பாறை விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறாள். மறுபடி பின்னால் போய் வருகிறாள். மறுபடி நிற்கிறாள். பையன்கள் சிரிக்க ஆரம்பிக்க, பயிற்சியாளர் அவர்களை ஒரு பார்வை பார்க்கிறார். அவளிடம் போய், இன்றைக்குத் தள்ளிக்கொண்டே இறங்கு, நான் இங்கே நிற்கிறேன் என்கிறார் இந்தியில். அவள் தள்ளிக்கொண்டு இறங்குகிறாள். மீண்டும் ஏறிவரச் சொல்கிறார். இரண்டாவது முறை. மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் சக்கரம் எந்தக் கல்லில் முதலில் பட்டது என்று அவளிடம் கேட்கிறார். நான்காவது முறை அவள் தானாகவே சைக்கிளில் ஏறிக்கொள்ளப் போகும்போது, கையைக் காட்டி நிறுத்துகிறார். வெளிச்சம் குறைந்துவிட்டது, நாளைக்கு.

அவள் முகத்தில் ஏமாற்றம். நாளை அவள் கட்டாயம் வருவாள்.